பத்தாம் நம்பர் சட்டை

ஸ்ரீவத்சன் பொறாமைக்காரர் என்று சொன்னால் தூத்துக்குடியில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், கையில் தயிர்சாத டப்பா, யாரைக் கண்டாலும் ஒரு நல்ல வார்த்தை. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்குக் காகிதங்களைப் பார்க்கும் உத்தியோகம். பக்கத்து மேசைக்காரருக்குப் பதவி உயர்வு வந்தபோது முதலில் கைகொடுத்தவர் அவர்தான், அதுவும் மனசாரக் கொடுத்தார். அண்ணா சென்னையில் மாடிவீடு கட்டியபோதும் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. மனிதருக்கு வயிறு எரிவது ஒரே ஒரு விஷயத்தில்தான். அதில் எரிய ஆரம்பித்தால் துறைமுகத்துத் தீயணைப்பு வண்டி வந்தாலும் அணைக்க முடியாது.

அந்த விஷயம் ரோலர் ஹாக்கி. காலில் நாலு சக்கர ஷூ, கையில் வளைந்த மட்டை, கல் மாதிரி ஒரு சின்னப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். இந்தக் கடற்கரையில் கால்பந்து தெரியும், கபடி தெரியும், கிரிக்கெட்டைக் கேட்கவே வேண்டாம். ரோலர் ஹாக்கி தெரிந்தவர்களையெல்லாம் ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அந்த வேனில் முன் சீட்டு ஸ்ரீவத்சனுடையது. முத்துநகர் ரோலர்ஸ் என்ற கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து அதன் கோல்கீப்பர் அவர். இப்போது நாற்பத்திரண்டு வயது, தொந்தி கொஞ்சம், முழங்கால் வலி நிறைய.

பிறந்தது ஸ்ரீவைகுண்டத்தில், தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். அவர்கள் குடும்பத்துக்குப் பெருமாள் கோவிலில் மூன்றாம் தீர்த்தம். பாசுரம் ஓதும் கோஷ்டியில் வரிசையாக நிற்பார்கள்; அர்ச்சகர் ‘அருளப்பாடு’ என்று ஒவ்வொரு பெயராக அழைத்துத் தீர்த்தம் கொடுப்பார். முதலாவது யார், இரண்டாவது யார் என்பது தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் முடிவானது. அதில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. அப்பாவுக்குத் தபால் இலாகாவில் வேலை. மாற்றலாகி மூன்று வருடம் சென்னையில் இருந்தார்கள். அங்கேதான் பள்ளிக்கூடத்துச் சிமெண்ட் தரையில் சிறுவன் ஸ்ரீவத்சன் சக்கர ஷூ மாட்டப் பழகினான். திரும்பி ஊருக்கு வந்த முதல் நாள் காலை, அப்பாவோடு கோஷ்டிக்குப் போனான். இரண்டாம் ஆளுக்கும் நாலாம் ஆளுக்கும் நடுவில் ஒருவர் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. மூன்று வருடமும் அப்படித்தான் இருந்ததாம். அர்ச்சகர் தினமும் அப்பா பெயரை அழைத்து, ஒரு கணம் நின்று, அடுத்தவரிடம் போவாராம். அப்பா ஒன்றும் நடக்காதது போலப் போய் அந்த இடத்தில் நின்றார். நம் இடம் நமக்காகக் காத்திருக்கும் என்ற நம்பிக்கை அந்தக் காலையில் பையன் மனசில் ஆணியடித்து உட்கார்ந்துவிட்டது. பிற்பாடு வந்த வினையெல்லாம் அந்த ஆணியில் மாட்டியதுதான்.

தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்த பிறகு தன்னைப் போலச் சக்கரப் பைத்தியங்கள் நாலைந்து பேரைத் தேடிப் பிடித்தார். மூடிக்கிடந்த ஒரு பஞ்சுக் கிடங்கின் சிமெண்ட் முற்றம் கிடைத்தது. வீட்டில் ஒரு தமிழ், முற்றத்தில் ஒரு தமிழ் என்று இரண்டு நாக்கு முளைத்தது அப்போதுதான். ஸ்ரீப்ரியாவைக் கல்யாணம் செய்துகொண்ட மறுவாரமே, நெஞ்சுக் கவசமும் கால் கவசமும் கட்டிக்கொண்டு கிளம்பிய மாப்பிள்ளையைப் பார்த்து மாமனார் திகைத்துப்போனார்.

கிளப்புக்கு இரண்டாவது கோல்கீப்பராக வந்தவன்தான் செல்வதுரை. தருவைகுளத்துக்காரன், விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ஸ்ரீவத்சனைவிடப் பத்து வயது இளையவன். ஒன்றாம் நம்பர் சட்டை கோல்கீப்பருக்கு, பத்தாம் நம்பர் பெஞ்சில் இருக்கும் மாற்றுக் கீப்பருக்கு. இது கிளப் வழக்கம். துரை ஏழு வருடம் பத்தாம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தான். ஸ்ரீவத்சனுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பான், கால் கவசத்தின் வாரை இறுக்கிவிடுவான். “அண்ணாச்சி நிக்கையில எறும்பு கூட உள்ள போவாது” என்பான். ஸ்ரீவத்சனுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். பெஞ்சில் இருக்கிறவனைப் பிடிக்காமல் போக என்ன காரணம் இருக்கிறது?

பிறகு ஒரு நாள் துரை போய்விட்டான். சண்டை ஒன்றுமில்லை. தருவைகுளத்தில் மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் தரை போட்டிருக்கிறார்கள், ஊர்ப் பசங்களைச் சேர்த்து ஒரு கிளப் ஆரம்பிக்கப் போகிறேன் என்று சொல்லி, பத்தாம் நம்பர் சட்டையைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். ஸ்ரீவத்சன் மனசார வாழ்த்தினார். துரையின் கிளப் அப்போது பட்டியலில் கடைசி.

பட்டியல் என்றேனே, இனி எல்லாம் அதுதான். தென்மாவட்டச் சங்கத்தின் செயலாளர் கிருபாநிதி, கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர். கிளப்புகளை வரிசைப்படுத்த அவர்தான் ஒரு கணக்கு வகுத்தார். உன்னைவிட மேலே இருப்பவனை ஜெயித்தால் புள்ளியை அள்ளலாம்; கீழே இருப்பவனை ஜெயித்தால் கிள்ளித்தான் கிடைக்கும். கீழே இருப்பவனிடம் தோற்றால் கொத்தாகப் போகும். மேலே இருப்பவனிடம் தோற்றால் அவ்வளவாக வலிக்காது. இதோடு இன்னொன்று: பழைய புள்ளி மீன்பெட்டி ஐஸ் மாதிரி, வைத்திருக்க வைத்திருக்கக் கரையும். இந்தக் கடைசி விதிக்கு முதலில் கை தூக்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம்முடைய ஆள்தான். அப்போது முதலிடத்தில் இருந்தது மதுரைக் கிளப். என்றைக்கோ ஜெயித்த புள்ளிகளை அடைகாத்துக்கொண்டு, வருடா வருடம் தேசிய கிளப் போட்டிக்கு அவர்களே போய்க்கொண்டிருந்தார்கள். பட்டியலில் முதலில் இருக்கும் ஒரு கிளப்புக்குத்தான் அந்த வாய்ப்பு. மதுரையின் ஐஸ் கரையட்டும் என்று கை தூக்கினார். கரைந்தது. முத்துநகர் முதலிடத்துக்கு வந்தது. அன்று கிருபாநிதிக்கு அவர் வாங்கிக்கொடுத்த காபியில் சர்க்கரை இரண்டு ஸ்பூன் அதிகம்.

தேசியப் போட்டி இந்த முறை பெங்களூருவில். இருபது வருடமாக ஆடியும் ஸ்ரீவத்சன் ஒரு தடவைகூட அதில் நின்றதில்லை. எலும்பு டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, “இன்னும் ஒரு சீசன். அதுக்கு மேல ஆசைப்படாதீங்க” என்று சொல்லிவிட்டார். ஆக, இதுதான் முதலும் கடைசியும். பட்டியல் முடிவாகும் நாள் வரை முதலிடத்தில் இருந்தால் போதும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தருவைகுளம் ஏற ஆரம்பித்தது. துரையின் பசங்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் ஆடினார்கள். நாகர்கோவிலில் தோற்றார்கள், மதுரையில் தோற்றார்கள், திருநெல்வேலியில் ஜெயித்தார்கள், மறுபடி மதுரைக்குப் போய் இந்தத் தடவை ஜெயித்தார்கள். தோற்றபோது கொஞ்சம் இறங்கி, ஜெயித்தபோது மடமடவென்று ஏறினார்கள். ஒவ்வொரு மாதமும் பட்டியல் போனில் வரும். ஸ்ரீவத்சன் தன் பெயர் இருக்கும் வரியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். முதலில் அவர் கண் தேடுவது தருவைகுளத்தை. தன் கால் வாரை இறுக்கிவிட்டவன், தன் வியர்வைத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன், தன் கழுத்துக்குக் கீழே வந்து மூச்சு விடுகிறான். ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் கசந்தது. அலுவலகத்தில் யாராவது “தருவைகுளம் பையங்க கலக்குதாங்களாமே” என்றால், “ஆமாமா, நல்ல பசங்க” என்று சிரித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவார்.

துரை போன் செய்தான். “அண்ணாச்சி, நம்ம ரெண்டு டீமும் ஒரு தடவகூட மோதலயே. எப்ப வரட்டும்?”

முதலில் முழங்கால் சரியில்லை என்றார். அடுத்து, எங்கள் ஆட்டக்காரர் தங்கைக்குக் கல்யாணம். அப்புறம் தரையில் விரிசல், அப்புறம் ஆடி மாதம். ஆடிக்கும் ரோலர் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று துரை கேட்கவில்லை. அவன் மரியாதை தெரிந்தவன்.

ஸ்ரீவத்சனுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஆடாவிட்டால் புள்ளி கரையும் என்று தெரியும். கை தூக்கியவரே அவர்தானே. ஆனால் துரையிடம் தோற்றால் கொத்தாகப் போகும் என்ற பயம் ஒரு பக்கம். நாம் பேசாமல் இருந்தால் நம் இடம் அப்படியே இருக்கும் என்ற அந்தப் பழைய ஆணி இன்னொரு பக்கம். உலக நாடுகளின் வரிசையைப் போனில் எடுத்து மனைவியிடம் காட்டினார்.

“பாரு ப்ரியா. அர்ஜென்டினா, ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி. என்னிக்குப் பார்த்தாலும் மேல இதே நாலுதான் முன்ன பின்ன இருக்கும். ஐரோப்பாவுல கிளப் வரிசையும் அப்படித்தான். மேல இருக்கறவா மேலதான் இருப்பா.”

ஸ்ரீப்ரியா பிளஸ் டூ மாணவர்களின் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. “அவா ஒருத்தரோட ஒருத்தர் விடாம ஆடிண்டே இருக்கா, அதனால மேல இருக்கா. நீங்க ஆத்துல உக்காந்துண்டு பட்டியலைப் பார்த்துண்டிருக்கேள்.”

ஸ்ரீவத்சன் போனை மூடி வைத்தார்.

கடைசியில் கிருபாநிதியே தேதி குறித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, பஞ்சுக் கிடங்கு முற்றம், முத்துநகர் எதிர் தருவைகுளம். பட்டியல் முடிவாகும் முன் கடைசி ஞாயிறு. இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு ஆடாவிட்டால் ஆட்டம் கணக்கில் வராது. அது ஒன்றுதான் ஸ்ரீவத்சனுக்கு மிச்சமிருந்த ஓட்டை.

ஞாயிறு விடியும் முன்பே அவர் முற்றத்துக்குப் போனார். கிடங்கின் தண்ணீர்த் தொட்டியில் முந்தின நாள்தான் லாரித் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். ரப்பர் குழாயை மாட்டித் திறந்துவிட்டார். குடிக்கும் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்பத்திரண்டு வயது மனிதர் ஒருவர், ஒரு தொட்டித் தண்ணீரைச் சிமெண்ட் தரையில் பரப்பினார். ஈரத் தரையில் சக்கரம் வழுக்கும். ஆட முடியாது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் மூலையில் காய்ந்த இடம் ஒன்று கண்ணில் பட, அங்கேயும் குழாயைப் பிடித்தார்.

தருவைகுளம் டீம் ஒரு மினி வேனில் வந்து இறங்கியது. துரை முற்றத்தைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். நாலு மாதமாக ஒரு பொட்டு மேகம் இல்லாத வானம்.

“மழ இங்கன மட்டும் பெஞ்சிருக்கு போல, அண்ணாச்சி.”

“குழாய் உடைஞ்சுபோச்சுலே” என்றார் ஸ்ரீவத்சன். “என்ன செய்ய? இன்னைக்கு ஆட முடியாது.”

“இருங்க, பாப்போம்” என்று துரை வேன் நிழலில் போய் உட்கார்ந்தான். அவன் பசங்களும் உட்கார்ந்தார்கள். ஸ்ரீவத்சன் ஒன்றை மறந்துவிட்டார். இது உப்பு காயும் ஊர். சூரியன் கொஞ்சம் மேலே வந்ததும் தரை ஓரத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்தது. அவர் கண் முன்னாலேயே ஈர வட்டம் சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்கு வந்து, அதுவும் போய்விட்டது. முத்துநகர் ஆட்டக்காரர்களே ஷூ மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஸ்ரீவத்சன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார். “தண்ணில வழுக்கிட்டுது. நிக்க முடியல. கீப்பர் இல்லாம எப்படி ஆட?” துரை போன பிறகு அந்த கிளப்பில் மாற்றுக் கீப்பர் என்று யாரும் இல்லை. ஸ்ரீவத்சன் வைத்துக்கொள்ளவும் இல்லை.

துரை பக்கத்தில் வந்து குனிந்து முழங்காலைப் பார்த்தான். வீக்கம் ஏதும் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்தது என்பது ஸ்ரீவத்சனுக்கும் தெரிந்தது. “ஒடம்பப் பாத்துக்கிடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இவ்வளவு நல்லவனாக இருக்கிறானே என்பதிலும் அவருக்கு எரிச்சல் வந்தது.

பட்டியல் வெள்ளிக்கிழமை வந்தது. தருவைகுளம் முதலிடம், மதுரை இரண்டாமிடம், முத்துநகர் மூன்றாமிடம். ஐஸ் கரைந்திருந்தது. பெட்டியில் தண்ணீர்தான் மிச்சம். கோவிலில் பரம்பரை பரம்பரையாக மூன்றாம் இடத்துக்காக நிமிர்ந்து நடந்த குடும்பத்தின் பிள்ளை, மூன்றாம் இடத்தைப் பார்த்துத் தலை குனிந்தார். இங்கே யாரும் பெயரை அழைத்து ஒரு கணம் நிற்கவில்லை. அடுத்தவன் வந்து நின்றுவிட்டான். எல்லாவற்றையும்விட எரிந்தது எது தெரியுமா? அன்றைக்கு ஆடித் தோற்றிருந்தால் ‘தோற்றேன்’ என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இப்போது அதுவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து துரை வீட்டுக்கு வந்தான், கையில் ஒரு பொட்டலத்தோடு.

“மக்ரூன் வாங்கலாம்னு பாத்தேன். முட்டைன்னு சொல்லுவீங்க. அதான் கடலமிட்டாயி.” ஸ்ரீப்ரியாவிடம் கொடுத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். “அண்ணாச்சி, எனக்கு மாத்துக் கீப்பர் நம்ம மரியான். அவன் கப்பல் வேலைக்கிக் கெளம்பிட்டான். பட்டியல்ல உள்ள வேற கிளப்புலருந்து ஒரு ஆள கடன் வாங்கிக்கிடலாம்னு விதி இருக்கு. நீங்க வாங்க பெங்களூருக்கு.”

“மாத்துக் கீப்பராவா?”

“ஆமா.”

ஸ்ரீவத்சனுக்குக் காதில் ரத்தம் ஏறியது. இவன் குத்திக்காட்ட வந்திருக்கிறானா, உண்மையிலேயே கூப்பிடுகிறானா என்று முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. “என்னால முடியாதுலே, காலு…” என்று ஆரம்பித்தார்.

“காலெல்லாம் நன்னாத்தான் இருக்கு” என்றாள் ஸ்ரீப்ரியா, கடலைமிட்டாயைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே. “தொட்டித் தண்ணியைக் கொட்டிட்டு ஆத்துக்கு நடந்துதானே வந்தேள். போயிட்டு வாங்கோ.”

துரை தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். அன்றைக்கு ஈர வேட்டியைப் பார்த்தே அவள் கண்டுபிடித்திருக்கிறாள் என்று ஸ்ரீவத்சனுக்கு இப்போதுதான் புரிந்தது.

பெங்களூருவில் அவருக்குக் கிடைத்தது பத்தாம் நம்பர் சட்டை. புதுச் சட்டை, ஊதா நிறம், முதுகில் ஒன்றும் பூஜ்யமும். பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இருபது வருட ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து கோலைப் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்க்கும்போது கோல் ரொம்ப அகலமாகத் தெரிந்தது. அதில் நிற்கிறவன் ரொம்பச் சின்னவனாகத் தெரிந்தான்.

முதல் ஆட்டம் புனே கிளப்போடு. எதிராளி பந்தைக் கொண்டுவந்தபோது ஸ்ரீவத்சன் மனசுக்குள் ஒரு குரல், ‘போ, உள்ளே போ’ என்றது. திடுக்கிட்டார். யாராவது கேட்டிருப்பார்களோ என்று பக்கத்தில் பார்த்தார். துரை பந்தைத் தடுத்துவிட்டான். பசங்கள் கத்தினார்கள், இவரும் கை தட்டினார். அடுத்த பந்து வந்தது. மறுபடி அதே குரல். பெருமாளே, இது ஒன்று மட்டும் உள்ளே போகட்டும். போனது. ஸ்ரீவத்சனுக்கு நெஞ்சு குளுகுளு என்று ஆகிவிட்டது. சொந்த டீமுக்குக் கோல் விழுந்ததற்குச் சந்தோஷப்படும் ஜென்மம் தானொருவன்தான் என்று நினைத்துக்கொண்டே, அடுத்த பந்துக்கும் வேண்டிக்கொண்டார். துரை தண்ணீர் குடிக்க வந்தபோது பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். “நல்லா நிக்கேலே” என்றார்.

தருவைகுளம் அந்த ஆட்டத்தில் தோற்றது, அடுத்ததிலும் தோற்றது. பாக்கி இருந்தது ஏழாம் இடத்துக்கான ஆட்டம் ஒன்றுதான். சாயங்காலம் மைதானத்துக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பசங்கள் ஊர் சுற்றப் போய்விட்டார்கள். ஸ்ரீவத்சனால் அதற்கு மேல் உள்ளே வைத்திருக்க முடியவில்லை.

“ஏலே துரை, ஒண்ணு கேக்கேன். நெசத்தச் சொல்லணும். ஏழு வருசம் பெஞ்சுல இருந்தியே, நான் நிக்கும்போது எனக்குக் கோல் விழணும்னு எப்பவாது நெனச்சிருக்கியா?”

துரை டீயை ஊதினான். ஒரு மடக்குக் குடித்தான்.

“ஒவ்வொரு பந்துக்கும், அண்ணாச்சி.”

“எறும்பு கூட உள்ள போவாதும்பியே?”

“வாய் அதச் சொல்லும். மனசு இதச் சொல்லும். ஒரு தடவ எங்க ஊர் மிக்கேல் கோயில்ல மெழுகுவத்தியே ஏத்திட்டேன், உங்க காலு பெசகணும்னு. பெசகல. மெழுகுவத்திதான் தண்டம்.” கிளாஸைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தான். “நீங்க?”

“நேத்தும் இன்னைக்கும் பெருமாளத் தூங்கவிடல” என்றார் ஸ்ரீவத்சன்.

துரை முதலில் சிரித்தான். பிறகு இவரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் எரிச்சல் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதற்கு இப்போது துணைக்கு ஒரு ஆள் இருந்தான். துரை பையைத் திறந்து, வியர்வை காயாத ஒன்றாம் நம்பர் சட்டையை எடுத்து அவர் மடியில் போட்டான்.

“நாளைக்கி நீங்க நில்லுங்க. பத்தாம் நம்பர எங்கிட்ட குடுங்க. நான் வெளிய உக்காந்து வேண்டிக்கிடுதேன்.”

மறுநாள் ஸ்ரீவத்சன் நின்றார். முழங்கால் கத்தியது, அவர் கேட்கவில்லை. முதல் பந்து இடது மூலைக்குச் சீறி வந்தது. கால் கவசத்தால் தட்டிவிட்டார். பசங்கள் ஆரவாரம் செய்தார்கள். அவர் முகமூடிக் கம்பிகளின் வழியாகப் பெஞ்சைப் பார்த்தார். பத்தாம் நம்பர் சட்டையில் துரை பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தான். அவன் உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன.